மேக்கிங் ஸ்டில் என்றால் என்ன? பாட்டு ஷூட்டிங்கின் ஓரத்திலிருந்து ஒரு பார்வை

ஒரு பாட்டுக் காட்சியின் இரண்டு புகைப்படங்கள் உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் இருபது பேர் ஒரே உயரத்துக்குக் காலைத் தூக்கி நிற்கிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு, உடையில் ஒரு கசங்கல் கிடையாது, பின்னால் பிரமாண்டமான அரண்மனை. இரண்டாவதிலும் அதே இருபது பேர்தான். ஒருத்தி தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி தோழியின் கொண்டையைச் சரிசெய்கிறாள். அரண்மனைச் சுவர் முடிகிற இடத்தில் சவுக்குக் கட்டைகள் தெரிகின்றன. அதற்கும் மேலே லைட்மேன் ஒருவரின் கால்கள் தொங்குகின்றன.

முதல் படம் தியேட்டர் வாசலுக்குப் போகும். இரண்டாவதைச் சினிமாக்காரர்கள் ‘மேக்கிங் ஸ்டில்’ என்பார்கள், கொஞ்சம் பழைய ஆட்கள் ‘ஒர்க்கிங் ஸ்டில்’ என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. அதிலும் குறிப்பாக நடனக்காரர்கள் இருக்கும் படங்களைப் பற்றி.

முதல் வகையைப் பற்றி வடசென்னை ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை மகாராணி, தண்டையார்பேட்டை அகஸ்தியா, பிராட்வே மினர்வா, தங்கசாலை கிரௌன் என்று எந்தத் தியேட்டராக இருந்தாலும் அந்தக் காலத்தில் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்டில்ஸ் ஒட்டியிருப்பார்கள். டிக்கெட் கிடைக்காதவன்கூட அந்தப் பத்துப் பன்னிரண்டு அட்டைகளைப் பார்த்தே முழுக்கதையையும் தெருவில் வந்து சொல்லிவிடுவான். பாதி தப்பாக இருக்கும், ஆனால் சுவாரசியத்துக்குக் குறைவிருக்காது. அந்த ஸ்டில்ஸ் எல்லாம் படச்சுருளிலிருந்து வெட்டி எடுத்தவை என்று நினைத்தவர்கள் நிறைய. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

படத்திலிருந்து வெட்டினால் என்ன ஆகும்?

சினிமா கேமரா ஒரு வினாடிக்கு 24 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமில் ஒளி விழும் நேரம் வழக்கமாக ஒரு வினாடியில் 48-ல் ஒரு பங்கு. பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது போதும். ஆடுகிறவருக்குப் போதாது. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஒரு கை வீசப்படுகிறது என்றால், அந்த 48-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் அது 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துப் பெரிதாகப் போட்டுப் பாருங்கள்: விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைக்கோடு இருக்கும். திரையில் ஓடும்போது இந்தக் கலங்கல் நம் கண்ணுக்கு நன்மையே செய்கிறது, அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது. நிறுத்திப் பார்த்தால்தான் பேஜார்.

ஆகவே ஸ்டில் எடுப்பதற்கென்று தனி ஆள், தனி கேமரா. அவர் ஷட்டரை 500-ல் ஒரு பங்கு வினாடிக்கு வைத்தால் அதே கை 6 மில்லிமீட்டர்தான் நகரும். வளையல்கூடத் துல்லியமாக விழும். சினிமா கேமராவுக்குப் பக்கத்திலோ அதன் லென்ஸுக்கு அடியிலோ இடம் பிடித்து, படத்தில் வரும் கோணத்திலேயே இவர் எடுப்பது விளம்பர ஸ்டில். அதே ஆள் நாலடி பக்கவாட்டில் நகர்ந்து, ஷாட்டையும் சேர்த்து ஷாட் எடுப்பவர்களையும் எடுத்தால் அது மேக்கிங் ஸ்டில். ஒரே நபர், ஒரே கேமரா, நாலடி வித்தியாசம்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு, கன்டினியூட்டி ஸ்டில். இன்று மதியம் பாதியில் நின்ற பாட்டை அடுத்த வாரம் தொடரும்போது ஜிமிக்கி எந்தக் காதில் இருந்தது, துப்பட்டா எந்தத் தோளில் கிடந்தது என்று பார்த்துக்கொள்வதற்காக எடுப்பது. அழகைப் பற்றிய கவலையே இல்லாமல், ஆளை நேராக நிற்கவைத்து எடுத்திருப்பார்கள். ஒரு காலத்தில் உடனே கையில் வரும் போலராய்டில் எடுத்தார்கள். இப்போது அசிஸ்டென்ட் டைரக்டரின் போனிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

சத்தம் என்ற சங்கடம்

நடனப் படங்களுக்கு மற்றப் படங்களைவிட நல்ல ஸ்டில்ஸ் கிடைப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. அதிகம் பேசப்படாத காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வசனக் காட்சியை ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும்போது செட்டில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் ஸ்டில் கேமராவின் ‘க்ளிக்’ விழுந்தால் அந்த டேக்கே போச்சு. அதனால் ஸ்டில் போட்டோகிராபர் டேக் முடியும்வரை காத்திருந்து, ‘ஸார், ஸ்டில்லுக்கு ஒரு தடவை’ என்று கேட்டு, நடிகர்களை அதே இடத்தில் மறுபடி நிற்கவைத்து எடுப்பார். களைத்துப்போன நடிகர், அவசரத்தில் இருக்கும் இயக்குநர், அடுத்த லைட்டிங்குக்குத் துடிக்கும் கேமராமேன், இவர்களுக்கு நடுவில் கெஞ்சி வாங்கிய ஒரு நிமிடம் அது. பழைய வசனக் காட்சி ஸ்டில்ஸில் பலரும் சிலைமாதிரி நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பிற்பாடு ஷட்டர் சத்தத்தை அமுக்கும் பெட்டிகள் வந்தன. இப்போது சத்தமே இல்லாத ஷட்டர் கொண்ட டிஜிட்டல் கேமராக்கள் இருக்கின்றன.

பாட்டுக் காட்சியில் இந்தத் தொல்லை கிடையாது. பாட்டு முன்கூட்டியே ஒலிப்பதிவாகியிருக்கும். செட்டில் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதற்கு ஆடுவார்கள். நம் யூனிட்டுகளில் இதற்குப் பல காலம் நாக்ரா டேப் மெஷின்தான். பாட்டு முழங்கும்போது டான்ஸ் மாஸ்டர் ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று கத்தலாம், இயக்குநர் விசில் அடிக்கலாம், ஸ்டில் போட்டோகிராபரும் இஷ்டத்துக்குச் சுடலாம். செட்டில் பதிவாகும் ஒலி எதுவும் படத்துக்குப் போகப்போவதில்லை. அதனால் நடனக்காரர்கள் மட்டும் டேக் நடக்கும்போதே, நிஜமான வேகத்தில், நிஜமான மூச்சிரைப்புடன் புகைப்படத்தில் சிக்குகிறார்கள். ஹீரோவின் உணர்ச்சிமிக்க குளோசப் ஸ்டில், டேக் முடிந்த பிறகு நிற்கவைத்து எடுத்ததாக இருக்கலாம். அவருக்குப் பின்னால் குதிக்கும் குரூப் டான்சரின் ஸ்டில் பெரும்பாலும் நிஜக் குதிப்புதான்.

குதிப்பைப் பற்றி ஒரு கணக்கு சொல்லாமல் போக மனசில்லை. ஒருவர் 60 சென்டிமீட்டர் உயரம் எம்பினால் அவர் காற்றில் இருக்கும் மொத்த நேரம் ஏறக்குறைய 0.7 வினாடி. அதில் சரிபாதி நேரத்தை உச்சியிலுள்ள 15 சென்டிமீட்டருக்குள்ளேயே செலவிடுகிறார். மேலே போகப் போக வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் பூஜ்யமாகி, பிறகுதான் கீழே வேகம் பிடிக்கிறது. நல்ல டான்சர் ‘மிதக்கிறார்’ என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். ஸ்டில் போட்டோகிராபருக்கு வேண்டியதும் அந்த உச்சிதான். ஆனால் உச்சியைக் கண்ணால் பார்த்தபிறகு பட்டனை அழுத்தினால் ஆள் கீழே இறங்கிக்கொண்டிருப்பார். அதனால் ரிகர்சலிலேயே பக்கத்தில் நின்று, எட்டுக் கவுண்டில் எந்தக் கவுண்டில் குதிப்பு வருகிறது என்று மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து ரோலிஃபிளெக்ஸ் கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். தாளம் தெரியாதவர் கையில் அந்தப் பன்னிரண்டும் வீண்.

நியூயார்க்கின் ஒரு தெரு, 1960

இதையெல்லாம் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் நான் காட்டுவது ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’. 1957-ல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் வெற்றிபெற்ற இசைநாடகம், 1961 அக்டோபரில் திரைப்படமாக வந்தது, 10 ஆஸ்கர் வாங்கியது. இரண்டு தெருக் கும்பல்கள். ஒன்று வெள்ளைக்கார இளைஞர்களின் ஜெட்ஸ், இன்னொன்று கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடிவந்தவர்களின் ஷார்க்ஸ். இந்தத் தெரு எங்களுடையது, நீ வராதே என்ற சண்டை. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ வளர்ந்தவருக்குக் கதைச்சுருக்கமே தேவைப்படாது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அடிதடியும் நடனமாகத்தான் வருகிறது.

இயக்குநர்கள் இருவர். ராபர்ட் வைஸ் சினிமாக்காரர். ஜெரோம் ராபின்ஸ் மேடை நாடகத்தை இயக்கி நடனமும் அமைத்தவர். தொடக்கக் காட்சியை ஸ்டுடியோவுக்குள் எடுக்காமல் நியூயார்க்கின் நிஜத் தெருக்களில், 1960-ஆம் ஆண்டுக் கோடையில் எடுத்தார்கள். அந்தப் படப்பிடிப்பின் மேக்கிங் ஸ்டில்ஸ் இன்றும் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. ராபின்ஸ் தெரு நடுவில் நின்று தானே ஆடிக் காட்டுவதும், பின்னால் பையன்கள் அதைப் பார்த்துக் காலை எடுத்து வைப்பதுமாக நிறையப் படங்கள்.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது முதலில் தரையைப் பாருங்கள். அது தார்ச்சாலை. நடனப் பள்ளிகளிலும் நல்ல மேடைகளிலும் மரத்தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், குதித்து விழும் அதிர்ச்சியைத் தானும் வாங்கிக்கொள்ளும். தாரும் சிமெண்டும் எதையும் வாங்காது, எல்லாம் காலுக்கே திரும்பி வரும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தீராத வலி வரும். நம் ஊர் குரூப் டான்சர்களும் பாறை, மணல், ரோடு, கோடவுன் தரை என்று எல்லாவற்றிலும் ஆடியவர்கள்தான். மேக்கிங் ஸ்டில்லில் டான்சர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கவனித்தால் காலை நீட்டிக்கொண்டும், சுவரில் தூக்கி வைத்துக்கொண்டும் இருப்பதற்குக் காரணம் புரியும்.

அடுத்து முழங்கால். ‘கூல்’ என்ற பாட்டு ஒரு கார் ஷெட்டுக்குள் நடப்பது. மண்டியிட்டுச் சறுக்குவதும் தரையில் விழுவதும் அதில் நிறைய. அந்தப் பாட்டை ராபின்ஸ் திரும்பத் திரும்ப எடுத்துக் கடைசியில் முடித்தபோது, டான்சர்கள் தங்கள் முழங்கால் பட்டைகளைக் குவித்து அவருடைய அறைக்கு முன்னால் தீ வைத்துக் கொளுத்தினார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட செட் கதை. கோபம் பாதி, கொண்டாட்டம் பாதி. நம் யூனிட் என்றால் பூசணிக்காய் உடைத்திருப்போம். படத்தில் பேண்டுக்கு அடியில் மறைந்திருக்கும் அந்தப் பட்டை, மேக்கிங் ஸ்டில்லில் பேண்டைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் காலில் தெரிந்துவிடும். இந்த வகைப் படத்தின் மதிப்பே இங்குதான் என்பது என் எண்ணம். திரை எதை மறைக்கச் சம்பளம் கொடுக்கிறதோ, அது ஸ்டில்லின் ஓரத்தில் சும்மா கிடக்கும்.

மூன்றாவது, முகப்பூச்சு. ஷார்க்ஸ் தலைவனின் காதலி அனிதாவாக நடித்து ஆஸ்கர் வாங்கிய ரீட்டா மொரேனோ போர்ட்டோ ரிக்கோவிலேயே பிறந்தவர். ஷார்க்ஸ் தலைவனாக நடித்து ஆஸ்கர் வாங்கிய ஜார்ஜ் சக்கிரிஸ் கிரேக்கப் பெற்றோரின் பிள்ளை. இருவருக்கும், ஷார்க்ஸ் ஆட்கள் எல்லோருக்கும், ஒரே அடர்ந்த பழுப்பு நிறப் பூச்சு. எங்கள் மக்களில் எல்லா நிறத்திலும் ஆள் இருக்கிறார்களே, ஏன் எல்லோருக்கும் ஒரே மாவு என்று தான் கேட்டதையும், அதற்கு நல்ல பதில் கிடைக்காததையும் மொரேனோ பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு மேக்கப் நாற்காலியின் ஸ்டில்லில் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே தெரியும் நிறமாற்றம், ஒரு கட்டுரை சொல்வதைச் சொல்லிவிடும். நம் சினிமாவின் மேக்கப் அறைப் படங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்; அங்கே திசை மட்டும் தலைகீழ், கறுப்பை வெளுப்பாக்குவார்கள்.

நான்காவது, பின்னணியில் இருக்கும் கட்டடங்கள். மேற்கு 68-ஆம் தெருவில் படம் எடுத்த பகுதி அப்போது இடிக்கக் குறித்துவைக்கப்பட்டிருந்தது. சான் வான் ஹில் என்ற அந்த வட்டாரத்தில் வாழ்ந்த கறுப்பின, போர்ட்டோ ரிக்கக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் காலிசெய்யப்பட்டிருந்தன. அங்கே எழுந்ததுதான் லிங்கன் சென்டர் என்ற கலை வளாகம். ஒரு தெருவுக்காகச் சண்டை போடுகிறவர்களின் கதையை வீடிழந்தவர்களின் காலி வீடுகளுக்கு முன்னால் ஆடியிருக்கிறார்கள். படத்தில் அவை வெறும் பின்னணி. மேக்கிங் ஸ்டில்லில் கேமரா வேறு பக்கம் திரும்புவதால், பலகை அடித்து மூடிய ஜன்னலும் தெருமுனையும் கூடுதலாகப் பதிவாகியிருக்கும். அந்தத் தெருவின் கடைசிப் புகைப்படங்களில் சில இப்படி ஒரு சினிமா யூனிட்டின் தயவால் நமக்குக் கிடைத்தவை.

ராபின்ஸ் பாதியிலேயே படத்திலிருந்து நீக்கப்பட்டார். நாள் நீண்டது, செலவு ஏறியது, தயாரிப்பாளர்கள் பொறுக்கவில்லை. மீதியை வைஸ் முடித்தார், ராபின்ஸ் கற்றுக்கொடுத்த உதவியாளர்கள் நடனத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநருக்கான ஆஸ்கர் மட்டும் இருவருக்கும் சேர்த்தே வந்தது.

ஸ்டில்ஸ் பற்றி இன்னும் ஒன்று. அந்த செட்டுக்கு எர்ன்ஸ்ட் ஹாஸ் என்ற புகைப்படக்காரரும் வந்து படம் எடுத்தார். அக்காலக் கோடாக்ரோம் கலர் ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் திறன், ஏ.எஸ்.ஏ. என்ற அளவில் 10 மட்டுமே, கறுப்பு வெள்ளை டிரை-எக்ஸ் அதைவிடப் பல மடங்கு வேகமானது. அதனால் கோடாக்ரோமில் எடுக்க ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்க வேண்டிவரும், ஆடுகிறவர் எளிதில் கலங்கி விழுவார். ஹாஸ் அந்தக் கலங்கலோடு சண்டை போடவில்லை. காளைச் சண்டைகளை அப்படி எடுத்துப் பழகிய கை அவருடையது. நிறங்கள் வழிந்தோட அசைவையே படமாக்குவதில் பேர்போனவர். சற்றுமுன் கலங்கலைக் குறை என்று சொன்னேன். தெரிந்து செய்தால் அதுவே பாணி.

‘இயல்பாக’ இருப்பதை நம்பலாமா?

எல்லா மேக்கிங் ஸ்டில்லும் உண்மை பேசும் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டுடியோவின் சம்பளத்தில்தான் ஸ்டில் போட்டோகிராபர் இருக்கிறார். ஹீரோயின் செருப்பைக் கழற்றிவிட்டு டீ குடித்துச் சிரிக்கும் படம் தற்செயலாகக் கிடைத்ததாக இருக்கலாம். ‘எளிமையானவர்’ என்று பத்திரிகையில் போடுவதற்காக நாலு முறை டீ கிளாஸைத் தூக்கவைத்து எடுத்ததாகவும் இருக்கலாம். ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரங்களுக்குத் தங்கள் ஸ்டில்ஸைப் பார்த்து, பிடிக்காததை நீக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருந்தது. நீக்கிய நெகட்டிவில் ஓட்டை போடுவார்கள், அல்லது மூலையை வெட்டிவிடுவார்கள்.

அதனால் நான் பார்க்கும் விதம் இது. நட்சத்திரத்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்ப்பேன். நட்சத்திரம் கேமராவுக்குத் தயார். பின்னால் நிற்கும் டான்சருக்குத் தான் ஃபிரேமில் இருப்பதே தெரியாது. அவர் கண் எங்கே போகிறது? மாஸ்டரிடமா, அசிஸ்டென்ட் மாஸ்டரின் காலடியிலா, சாப்பாட்டு வண்டி வரும் பக்கமா? பிறகு தரையில் சாக்பீஸ் கோடும் டேப் ஒட்டிய குறியும் இருக்கிறதா என்று பார்ப்பேன். யார் எங்கே நின்று சுற்ற வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். நிழல்களை எண்ணினால் எத்தனை விளக்கு என்று தெரியும். 1960 வாக்கில் ஸ்டுடியோவில் ஓடிய கலர் ஃபிலிம் ஏ.எஸ்.ஏ. 50 அளவிலானது, அதற்குப் போதுமான வெளிச்சம் என்றால் அடுப்புக்குள் ஆடியது மாதிரி. அக்குளில் தெரியும் வியர்வை வட்டத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு.

ஜெமினியின் முரசுகள்

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் 1948-ல் வந்த ‘சந்திரலேகா’. எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கியது. ஏப்ரலில் தமிழில் வெளியாகி, டிசம்பரில் இந்தியில் போனது. ராட்சச முரசுகளின் மேல் பெண்கள் வரிசை வரிசையாக ஆடி முடிக்க, முரசுகளின் உள்ளேயிருந்து வீரர்கள் வெளிப்படும் அந்த முரசு நடனத்தை டிவியிலாவது பார்க்காத வீடு குறைவு. அதே 1948-ல் வந்த, நடனக் கலைஞர் உதயசங்கரின் ‘கல்பனா’வும் மவுண்ட் ரோட்டில் இருந்த அதே ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டதுதான். கேமரா கே. ராம்நாத்; அதில் ஆடியவர்களில் சிறுபெண்ணாக இருந்த பத்மினியும் அக்கா லலிதாவும் உண்டு. இந்திய நடன சினிமாவின் இரண்டு மைல்கற்கள் ஒரே ஸ்டுடியோவின் தரையில் ஒரே காலகட்டத்தில் உருவாயின. இன்று ஜெமினி மேம்பாலம் மட்டும் பேரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

முரசு நடன ஸ்டில்லைக் கையில் எடுத்தால் கதாநாயகி டி. ஆர். ராஜகுமாரியை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். அடுத்த முரசின் மேல் நிற்பது யார்? ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் கும்பலில் ஒருவனாக ஆடியவனுக்கும் ஒரு பாத்திரப் பெயர் இருந்தது, பட்டியலில் அவன் சொந்தப் பெயரும் வந்தது. பேபி ஜானாக வந்த பையன் எலியட் ஃபெல்ட், பின்னாளில் பெயர்பெற்ற நடன அமைப்பாளர் ஆனார். நம்மிடம் டைட்டிலில் மாஸ்டர் பெயர் வரும், குரூப் டான்சர்கள் பெரும்பாலும் ஒரு கூட்டம்தான்.

தமிழ் சினிமா ஸ்டில்ஸைச் சேர்த்துவைத்தவர் என்றால் ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன் பெயரைத்தான் சொல்ல வேண்டும். கேமராவோடு ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் எடுத்தும், கேட்டு வாங்கியும் சேர்த்தவர். 1958-ல் ‘நாடோடி மன்னன்’ மூலம் தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று அறியப்பட்டவர். 2016-ல் மறைந்தார். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கியது.

நம் பக்கத்துப் படங்கள்

வடசென்னைக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள சம்பந்தம் தியேட்டர் வாசலோடு முடிவதில்லை. பெரம்பூர் பின்னி மில் 1990-களில் மூடிய பிறகு அந்தப் பெரிய கோடவுன்கள் ஷூட்டிங் இடங்களாயின. நீளமான கூடம், உயரமான கூரை, வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் ஜெனரேட்டர் வண்டி நிறுத்த இடம். பாட்டு செட் போட வேறென்ன வேண்டும்? தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடிய தரையில் குரூப் டான்சர்கள் ஆடினார்கள். இன்று மில் நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அங்கே எடுத்த பாட்டுகளில் நமக்குத் தெரிவது பளபளக்கும் செட். மில்லின் செங்கல் சுவரும் இரும்பு உத்திரமும் வேண்டுமென்றால் மேக்கிங் ஸ்டில்ஸில்தான் தேட வேண்டும். நியூயார்க்கின் 68-ஆம் தெருவுக்கு நடந்த அதே காரியம்.

புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் குரூப்பில் ஆடியவர்கள் இருக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டில் பழைய பாட்டு டிவியில் ஓடினால் ‘நாலாவது லைன்ல, ஹீரோ கைய தூக்குறப்போ அந்தக் கைக்கு அடியில பாரு, நான்தான்’ என்று ஒரு குரல் வரும். நீங்கள் பார்ப்பதற்குள் ஷாட் மாறிவிடும். ஆனால் அதே வீட்டு பீரோவில், யூனிட் ஸ்டில் போட்டோகிராபர் கொடுத்த ஒரு பிரிண்ட் இருக்கும். முழு மேக்கப்பில், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, நாலைந்து பேர் தோள்மேல் கை போட்டு நிற்கும் படம். அது ஒரு மேக்கிங் ஸ்டில். எந்தக் காப்பகத்திலும் அதற்கு இன்னொரு பிரதி இல்லாமல் போகலாம்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பசை ஒட்டிய பக்கங்களும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பத்தில் இருந்தால், தானாக வருவதை மட்டும் வெளியே எடுங்கள். ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள், அப்படியே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் பிளாஸ்டிக்கும் போட்டோவும் ஒன்றோடொன்று உருகியதுபோல ஒட்டிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. சாதாரண வெள்ளைக் காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பிரதி எடுக்க மொட்டைமாடி நிழல் போதும், ஃபிளாஷ் போட்டால் பளபளப்பில் முகம் போய்விடும். பின்பக்கமும் ஒரு படம் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையோ நம்பரோ அங்கே இருக்கக்கூடும்.

பிறகு அந்த அக்காவிடமோ அண்ணனிடமோ, நெட்டில் போடலாமா என்று முதலில் கேளுங்கள். அந்த ஆடையிலும் களைப்பிலும் அப்போது எடுத்த படம், இன்று பேரப்பிள்ளைகளோடு இருப்பவருக்குப் பிடிக்காமல் போகலாம். சரி என்றால், இடமிருந்து வலமாக யார் யார், எந்தப் பாட்டு, மாஸ்டர் யார், எந்த ஸ்டுடியோ, எந்த வருஷம் என்று கேட்டு உறையின் மேல் பென்சிலால் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு போட்டோவை உள்ளே போடுங்கள். உள்ளே வைத்துவிட்டு மேலே எழுதினால் அழுத்தம் முகத்தில் கோடாக விழும்.